இருவர் ஏறும் வண்டி

மோட்டார் சைக்கிள் வாங்கச் செல்லும் ஒருவர் விற்பனை நிலையத்திலே செய்வனவற்றைச் சற்றுக் கவனித்தால் ஓர் உண்மை புலனாகும். அவர் முன் ஆசனத்தில் ஏறி அமர்கிறார். கைபிடிகளைப் பற்றிப் பார்க்கிறார். எஞ்சினின் குதிரைவலு எவ்வளவு என்று வினாவுகிறார். வண்டியின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து மகிழ்கிறார். பின் ஆசனத்தில் ஏறி அமர்ந்து, அங்கிருந்து உலகம் எப்படித் தோன்றுகிறது என்று பார்ப்பவர் மிக அரியர். ஆனால் அந்தப் பின் ஆசனத்திலேதான் அவருடைய மனைவியோ, மகளோ, நண்பரோ நாள் முழுவதும் அமர்ந்து செல்ல வேண்டியிருக்கிறது. முன்னே இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைபிடி உண்டு. பாதை கண்ணெதிரே தெரியும். எப்பொழுது வேகம் குறையும், எப்பொழுது வளைவு வரும் என்பதும் தெரியும். பின்னே இருப்பவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர் தம்மை முற்றாக இன்னொருவரிடம் ஒப்படைத்திருக்கிறார். ஆகையால் இருவர் ஏறும் வண்டியைத் தெரிவு செய்யும்போது பின்னே இருப்பவரின் நலமே முதற்கண் எண்ணப்பட வேண்டும் என்பது நியாயமான கொள்கையாகும்.

பின் ஆசனத்தை ஆங்கிலேயர் 'பிலியன்' என்று வழங்குவர். இச்சொல் மோட்டார் வண்டிகளுக்கு மிகவும் முற்பட்டது. குதிரை ஏறிச் செல்பவனுக்குப் பின்னால், பெண்ணொருத்தி அமர்வதற்காகச் சேணத்தின் பின்புறம் இடப்பட்ட மெத்தையை அச்சொல் முன்னர் குறித்தது. குதிரை போய் எஞ்சின் வந்தது. மெத்தை போய் ஆசனம் வந்தது. ஆயினும் பின்னே இருப்பவருக்கு எஞ்சிய இடத்தைக் கொடுப்பது என்ற பழைய வழக்கம் மட்டும் முற்றாக மாறவில்லை. பல வண்டிகளில் இன்றும் பின் ஆசனம் உள்ளங்கை அகலத்துக்கு மேல் இல்லை.

நெடுந்தூரப் பயணத்துக்கென்றே அமைந்த வண்டிகளில் மூன்று இனங்களைக் கூறலாம். ஒன்று, ஓட்டப்பந்தய வண்டியை ஒத்தது. அதிலே பின்னிருப்பவருக்கு இடமில்லை என்றே சொல்லலாம். மற்றொன்று, மூன்று பெட்டிகளும் அகன்ற ஆசனங்களும் கொண்ட பாரமான பயண வண்டி. அது 300 கிலோகிராமுக்கும் மேல் எடையுள்ளதாக இருக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே 'ஸ்போர்ட் டூரிங்' எனப்படும் இனம். வளைவுகளில் இலகுவாகச் சாயும் தன்மையும், காற்றைத் தடுக்கும் முன் மறைப்பும், பெட்டிகள் பூட்டுவதற்கு வசதியும் அதற்கு உண்டு. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ கம்பனி 1976-இல் வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். என்ற வண்டி இவ்வினத்துக்கு வழிகாட்டியாக அமைந்தது. காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து உருவாக்கிய முழு மறைப்புடன் அது வந்தது. நாள் முழுவதும் விரைந்து சென்றும் ஓட்டுபவர் களைப்படையாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இவ்வினத்திலே எஞ்சினின் வலுவைப் பின் சில்லுக்குக் கொண்டு செல்வதற்கு மூன்று வழிகள் உள்ளன. சங்கிலி ஒன்று, உருக்குத் தண்டு ஒன்று, பெல்ட் என்று வழங்கும் வார்ப்பட்டி ஒன்று. பெரும்பாலான வண்டிகள் சங்கிலியையே கொண்டவை. தண்டு முறையைப் பி.எம்.டபிள்யூ கம்பனி 1923-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளாகிய ஆர் 32-இலேயே கையாண்டது. மூன்றாவதாகிய பெல்ட்டின் வரலாறு சுவையானது. மறைந்து போய் மீண்டும் பிறந்த வரலாறு அது.

மோட்டார் சைக்கிள் தோன்றிய காலத்தில் பெல்ட்டே பெருவழக்காக இருந்தது. ஆனால் அந்நாளைய பெல்ட் தோலினால் ஆனது. வெயில் நாளில் அது நீண்டது. மழை நாளில் நனைந்து வழுக்கியது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் சுழன்றும் சில்லு சுழலாது நின்றது. மான் தீவிலே ஆண்டுதோறும் நடைபெறும் பந்தயம் 1911-இல் முதன்முறையாக மலைப் பாதைக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டு பெரும் பந்தயத்திலே, சங்கிலியும் இரு கியர்களும் பூட்டிய அமெரிக்க 'இந்தியன்' வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் பெற்றன. மலை ஏறுவதற்குத் தோற்பட்டி தகுதியற்றது என்பது அன்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் சங்கிலி அரசு கட்டில் ஏறியது.

பெல்ட்டுக்கு மறுபிறப்பு அளித்தது இரசாயன ஆராய்ச்சியே. 1965-இல் அமெரிக்காவின் டூப்பொன்ட் கம்பனியின் ஆய்வுகூடத்திலே ஸ்ரெபனி குவொலெக் என்ற பெண் விஞ்ஞானி ஒரு புதிய நாரைக் கண்டறிந்தார். அதுவே பின்னர் 'கெவ்லார்' என்று பெயர் பெற்றது. எடைக்கு எடை உருக்கைவிட உறுதியான நார் அது. துப்பாக்கிக் குண்டு துளைக்காத சட்டைகளுக்கும் அதனையே பயன்படுத்துகின்றனர். இத்தகைய நாரைக் கயிறாக உள்ளே வைத்து, மேலே பற்கள் அமைத்து வார்த்தபோது, நீளாததும் வழுக்காததுமான ஒரு பெல்ட் கிடைத்தது. ஹார்லி டேவிட்சன் கம்பனி 1980-இல் ஸ்ரேர்ஜிஸ் என்ற வண்டியில் அதனைப் பூட்டி விற்பனைக்கு விட்டது. 2006-இல் பி.எம்.டபிள்யூ கம்பனி எஃப் 800 எஸ்.ரி. என்ற ஸ்போர்ட் டூரிங் வண்டியை பெல்ட்டுடன் வெளியிட்டது. 2013-இல் அதன் இடத்துக்கு எஃப் 800 ஜி.ரி. வந்தது.

தோற்பட்டியின் குறையைப் பற்கள் எவ்வாறு நீக்கின என்பதை அறிவது எளிது. தோற்பட்டி உராய்வை மட்டும் நம்பியிருந்தது. உராய்வு குறைந்தவுடன் வழுக்கியது. புதிய பெல்ட்டின் உட்புறத்திலுள்ள பற்கள் முன்னும் பின்னுமுள்ள இரு பற்சில்லுகளின் பள்ளங்களிலே பொருந்தி அமர்கின்றன. ஆகவே அது சங்கிலியைப் போலவே இழுக்கிறது. ஆனால் சங்கிலியில் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் அதில் இல்லை. மூட்டு இல்லாத இடத்தில் தேய்வு குறைவு. எண்ணெய் வேண்டியதும் இல்லை.

இது பின்னிருப்பவருக்கு எவ்வகையில் நன்மை தருகிறது என்று நேயர்கள் கேட்கலாம். நன்மைகள் மூன்று. முதலாவது, மென்மை. சங்கிலி சிறிது தளர்ந்தவுடன், வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் வெட்டி வெட்டி இழுக்கும். முன்னிருப்பவர் அதனை எதிர்பார்த்திருப்பதால் தாங்கிக்கொள்வார். பின்னிருப்பவரின் தலை முன்னும் பின்னும் அசைந்து, அவருடைய தலைக்கவசம் முன்னவரின் தலைக்கவசத்திலே மோதும். ஒரு மணி நேரத்தில் இவ்வாறு இருபது முப்பது முறை நேர்ந்தால் பயணத்தின் இன்பம் முழுவதும் போய்விடும். பெல்ட் சிறிதளவு நெகிழ்ந்து கொடுப்பதால் அந்த வெட்டு மழுங்கிவிடுகிறது. இரண்டாவது, தூய்மை. சங்கிலிக்குப் பூசிய எண்ணெய் சுழற்சியில் தெறித்துப் பின் சில்லிலும், பக்கப் பெட்டிகளிலும், பின்னிருப்பவரின் காற்சட்டையிலும் படியும். பெல்ட்டில் தெறிப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது, ஓய்வு. சங்கிலிக்கு 500 முதல் 1000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை எண்ணெய் பூச வேண்டும். 3000 கிலோமீற்றர் விடுமுறைப் பயணத்திலே அது மூன்று முதல் ஆறு மாலைப் பொழுதுகளை விழுங்கும். தங்குமிடத்தை அடைந்தபின் ஒருவர் அழுக்குத் துணியோடு நிலத்தில் குந்தியிருக்க, மற்றவர் தனியே காத்திருக்க வேண்டிய நிலை பெல்ட் வண்டியில் இல்லை.

தண்டு முறையும் எண்ணெய்த் தொல்லை அற்றதுதானே என்று சிலர் கூறக்கூடும். உண்மையே. ஆனால் தண்டும் அதன் பின்முனையிலுள்ள பற்சில்லுப் பெட்டியும் பாரமானவை, விலையும் மிகுதி. நடுத்தர எஞ்சின் கொண்ட வண்டியொன்றுக்கு அப்பாரம் ஒரு சுமையாகும். எடை குறைந்த வண்டியில் எண்ணெய்த் தொல்லையும் நீங்க வேண்டும் என்று விரும்புவோருக்கே பெல்ட் ஏற்றது.

நன்மையைக் கூறியவிடத்துத் தீமையைக் கூறாது விடுவது முறையன்று. பெல்ட்டின் முதற் பகை சிறு கல். சரளைப் பாதையிலே பெல்ட்டுக்கும் பற்சில்லுக்கும் இடையே ஒரு கூரிய கல் அகப்பட்டால், அது பெல்ட்டைத் துளைத்து உள்ளிருக்கும் நார்களை அறுத்துவிடும். துளை விழுந்த பெல்ட் சில காலம் ஓடும். பின்னர் ஒருநாள் அறுந்துவிடும். சங்கிலியை வழியில் நிறுத்தி ஒரு கண்ணியை மாற்றி ஓட்டலாம். பெல்ட்டுக்கு அவ்வாறு ஒட்டுப் போட இயலாது. அது மூட்டில்லாத வளையமாதலால் முழுவதையும் மாற்ற வேண்டும். பின் சில்லை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கையமைப்புள்ள வண்டிகளில், அக்கையையே கழற்றினால்தான் புதிய பெல்ட்டை உள்ளே செலுத்த முடியும். பி.எம்.டபிள்யூ எஃப் 800 வண்டிகளில் சில்லை ஒருபுறம் மட்டுமே தாங்கும் கை இருப்பதால் அவ்வேலை இலகு. மேலும், பெல்ட்டைக் கூர்மையாக மடித்தாலோ முறுக்கினாலோ உள் நார்கள் முறிந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மாற்றுப் பெல்ட்டொன்றைப் பெட்டியிலே மடித்துத் திணித்துச் செல்வோர் முறிந்த பெல்ட்டையே சுமந்து செல்கின்றனர் என்று கூறலாம்.

ஆகவே முதல் வினா பாதையைப் பற்றியது. பயணம் செப்பனிட்ட தார்ப்பாதைகளிலேயே நிகழுமாயின் பெல்ட் நல்ல துணை. சரளையும் சேறும் உள்ள மலைவழிகளிலே புகுந்து பார்க்க விரும்புவோர் சங்கிலியை நாடுவதே அறிவுடைமை.

பாதையைப் பற்றிய ஐயம் தீர்ந்தபின் வருவது எடைக் கணக்கு. இக்கணக்கைச் செய்து பார்ப்பவர் சிலரே. ஆனால் உயிருக்குப் பொறுப்பான கணக்கு இதுவே. ஓர் உதாரணத்தினால் இதனை விளக்கலாம். மியூனிக் நகரில் வாழும் ஒரு கணவனும் மனைவியும் கோடையிலே ஒஸ்திரியாவின் குரொஸ்குளொக்னர் மலைப்பாதையைக் கடந்து செல்ல விரும்புகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். 1935-இல் திறக்கப்பட்ட அப்பாதை 48 கிலோமீற்றர் நீளமானது. 36 கொண்டையூசி வளைவுகளைக் கொண்டது. 2504 மீற்றர் உயரத்திலுள்ள கணவாயைக் கடக்கிறது. முழுவதும் தார்ப்பாதை. ஆகவே பெல்ட் வண்டிக்கு ஏற்ற வழி.

கணவன் பழைய எஃப் 800 ஜி.ரி. வண்டியொன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். அதன் எஞ்சின் 798 கனசென்ரிமீற்றர் அளவுள்ளது. 90 குதிரைவலு தருவது. இருவருக்கும் அது போதும் என்று அவன் மகிழ்கிறான். மனைவியோ வண்டியின் கைந்நூலை எடுத்து வைத்துக்கொண்டு வேறொரு பக்கத்தைப் புரட்டுகிறாள். பெற்றோல் நிறைத்த நிலையில் வண்டியின் எடை 213 கிலோகிராம். வண்டியும் சுமையும் சேர்ந்து 420 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. ஆகவே ஏற்றத்தக்க சுமை 207 கிலோகிராம். இந்த 207-இல் முன்னிருப்பவர், பின்னிருப்பவர், உடைகள், தலைக்கவசங்கள், பெட்டிகள், பெட்டிக்குள் இருப்பவை யாவும் அடங்கும்.

அவள் காகிதத்திலே கணக்கிடுகிறாள். கணவன் 85, தான் 65, ஆக 150. பாதுகாப்பு உடையும் சப்பாத்தும் தலைக்கவசமும் ஆளுக்கு 8 ஆக 16. மொத்தம் 166. மீதி 41. மூன்று பெட்டிகளும் அவற்றைப் பூட்டும் சட்டங்களும் 15 என்று கொண்டால், இருவருடைய பயணப் பொருள்களுக்கும் எஞ்சுவது 26 கிலோகிராம். இரு வாரப் பயணத்துக்கு இது போதும். ஆனால் கூடாரமும் சமையற் பாத்திரமும் கொண்டு செல்ல இடமில்லை. அவர்கள் கூடாரத்தை விட்டுவிட்டு விடுதியில் தங்குவதென்று முடிவு செய்கின்றனர்.

இதே வண்டியில் 100 கிலோகிராம் எடையுள்ள கணவனும் 75 கிலோகிராம் எடையுள்ள மனைவியும் ஏறுவதாயின் என்ன நேரும்? உடைகளோடு 191 ஆகிவிடும். மீதி 16. பெட்டிகளை வெறுமையாகப் பூட்டினாலே எல்லையைத் தொட்டுவிடும். அவர்களுக்கு வேறு வண்டியே தேவை. விளம்பரத்திலே பெரிய எழுத்தில் வருவது குதிரைவலு. கைந்நூலின் உட்பக்கத்திலே சிறிய எழுத்தில் வருவது சுமை எல்லை. இருவர் ஏறும் வண்டியைத் தெரிவு செய்வோர் இரண்டாவதை முதலில் படிக்க வேண்டும்.

எடைக் கணக்கு சரியாயின், அடுத்தது ஆசனச் சோதனை. இதனைச் செய்ய வேண்டியவர் பின்னிருப்பவரே. ஐந்து நிமிடம் அமர்ந்து பார்ப்பது சோதனையாகாது. குறைந்தது ஒரு மணி நேரம் ஓடிப் பார்க்க வேண்டும். அப்போது கவனிக்கத்தக்கவை பல. கால்மிதிகள் மிக உயரத்தில் இருந்தால் முழங்கால் மடிந்து அரை மணியில் நோவெடுக்கும். ஆசனம் முன்னோக்கிச் சரிந்திருந்தால் ஒவ்வொரு பிறேக்குக்கும் முன்னவரின் முதுகிலே சரிய நேரிடும். பின் ஆசனம் முன் ஆசனத்தைவிடச் சிறிது உயர்ந்திருந்தால் பாதை தெரியும். மிக உயர்ந்திருந்தால் காற்று முகத்தில் அறையும். பிடிகம்பிகள் கைக்கு எட்டுமிடத்தில் இருக்கின்றனவா? பக்கப் பெட்டிகளைப் பூட்டியபின் கால்களுக்கு இடமுண்டா? புகைக்குழாயின் சூடு காலில் படுகிறதா? பெட்டிகளை அகற்றிவிட்டுச் சோதிப்பவர், பயண நாளிலே புதிய வண்டியொன்றில் ஏறியவர் போலாவார்.

பிரித்தானிய வீதிச் சட்டக் கோவை, பின்னிருப்பவர் ஒருவருக்கு மேற்படலாகாது என்றும், அவர் தகுந்த ஆசனத்தில் இருபுறமும் காலிட்டு அமர வேண்டும் என்றும், இரு பாதங்களையும் கால்மிதிகளில் வைத்திருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. இவ்விதி வெறும் சம்பிரதாயமன்று. வளைவிலே வண்டி சாயும்போது பின்னிருப்பவர் அதனோடு ஒன்றிச் சாய வேண்டும். கால்மிதியில் பாதம் ஊன்றாதவருக்கு அது இயலாது. ஆகவே அவருடைய காலுக்குப் பொருந்தாத கால்மிதி, வண்டியின் பாதுகாப்பிலேயே ஒரு குறைபாடாகும்.

மூன்றாவதாக ஆராய வேண்டியது, இரண்டாம் ஆள் ஏறியபின் வண்டியின் நடத்தை. பின்னிருப்பவர் ஏறக்குறையப் பின் சில்லின் அச்சுக்கு மேலேயே அமர்கிறார். அவருடைய பாரம் பெரும்பாலும் பின் சில்லிலேயே விழுகிறது. பின்புறம் தாழ்கிறது, முன்புறம் எழுகிறது. முன் சில்லின் பிடி குறைந்து திருப்புவது இலேசாகிறது; விளக்கின் ஒளி மேல்நோக்கி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. இதனைச் சரிசெய்வதற்குப் பின் அதிர்வுதாங்கியின் வில்லை இறுக்க வேண்டும். சில வண்டிகளில் அதற்குக் கருவி கொண்டு பாடுபட வேண்டும்; ஆகவே ஒருவரும் அதனைச் செய்வதில்லை. எஃப் 800 ஜி.ரி. வண்டியிலே கையால் திருகும் ஒரு சிறு சக்கரம் உண்டு. ஒரு நிமிட வேலை. இத்தகைய சிறு வசதியே நாளடைவில் பெரும் நன்மை தருவது. ரயரின் காற்றழுத்தத்தையும் இருவருக்குரிய அளவுக்கு உயர்த்த வேண்டும். பெல்ட்டின் இறுக்கமும் பின் சில்லு மேலும் கீழும் அசைவதோடு மாறுவதாகையால், கைந்நூல் எந்நிலையில் அளக்கச் சொல்கிறதோ அந்நிலையிலேயே அதனை அளக்க வேண்டும். மிக இறுக்கிய பெல்ட் தன்னையும் கெடுத்து, சில்லின் தாங்கிகளையும் கெடுக்கும்.

பிறேக்கைப் பற்றியும் கூற வேண்டும். மேலே கண்ட கணவன் தனியே செல்லும்போது வண்டியும் அவனும் உடையும் சேர்ந்து 306 கிலோகிராம். இருவரும் பெட்டிகளும் சேர்ந்து எல்லையை எட்டும்போது 420. அதே வேகத்தில் நிறுத்துவதற்குப் பிறேக்குகள் அடக்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. மலையிறக்கத்திலே அவ்வாற்றல் முழுவதும் வெப்பமாக மாறிப் பிறேக்கைச் சுடச்செய்கிறது. ஆகவே தாழ்ந்த கியரிலே எஞ்சினின் தடையைக் கொண்டு இறங்க வேண்டும். சில்லுகள் பூட்டிக்கொள்ளாது தடுக்கும் ஏ.பி.எஸ். என்ற அமைப்பு உள்ள வண்டியைத் தெரிவு செய்தல் நன்று. ஐரோப்பிய ஒன்றியம் 125 கனசென்ரிமீற்றருக்கு மேற்பட்ட புதிய வகை மோட்டார் சைக்கிள்களுக்கு 2016 முதலும், விற்பனைக்கு வரும் புதிய வண்டிகள் அனைத்துக்கும் 2017 முதலும் அதனைக் கட்டாயமாக்கியது. பழைய எஃப் 800 எஸ்.ரி. வண்டிகளிலே அது விரும்பினோர் மேலதிக விலை கொடுத்துப் பெற்ற ஒன்று. ஆதலால் எல்லா வண்டிகளிலும் இராது. எஃப் 800 ஜி.ரி. வண்டியிலே அது நிலையான அமைப்பாக வந்தது.

இனி, சந்தையில் கிடைப்பவை எவை? உண்மையைக் கூறுவதாயின் தெரிவு மிகக் குறைவு. பி.எம்.டபிள்யூ கம்பனி 2020-இல் விற்பனைக்கு விட்ட எஃப் 900 வண்டிகள் மீண்டும் சங்கிலியையே மேற்கொண்டன. பெல்ட் பூட்டிய பயண வண்டிகளைச் செய்த அமெரிக்காவின் புவெல் கம்பனியை அதன் உரிமையாளராகிய ஹார்லி டேவிட்சன் 2009-இல் மூடிவிட்டது. பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிசெய்யும் வேலையே இல்லாதபடி ஒரு துணைச் சில்லை அமைத்தது அக்கம்பனியின் திறமை. ஆனால் மூடிய கம்பனியின் வண்டியை வாங்குவோர் உதிரிப் பாகங்கள் எங்கே கிடைக்கும் என்பதை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். ஹார்லி டேவிட்சன் வண்டிகளுள் பெரும்பாலானவை பெல்ட்டுடன் வருகின்றன. அவற்றின் இயல்பு வேறு, எடையும் மிகுதி. பெற்றோலை விட்டு மின்சாரத்தில் ஓடும் சீரோ கம்பனியின் எஸ்.ஆர்/எஸ். 2020-இல் பெல்ட்டுடன் வெளிவந்தது; நெடுந்தூரம் செல்வோர் அதனை மின்னேற்றும் இடங்களையும் நேரத்தையும் கணக்கிட்டே புறப்பட வேண்டும். ஆகவே நடுத்தர எடையுள்ள பெற்றோல் வண்டியை நாடுவோர் பெரும்பாலும் பழைய எஃப் 800 வண்டியொன்றையே தேட நேரும்.

பழைய வண்டியை வாங்குவோர் பெல்ட்டைத் தாமே பார்வையிடலாம். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்து, பின் சில்லைக் கையால் சிறிது சிறிதாகச் சுழற்றி முழுச் சுற்றையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பற்களின் அடியிலே வெடிப்பு உண்டா, பல் ஏதும் உதிர்ந்திருக்கிறதா, ஓரத்திலே நார் பிரிந்து தொங்குகிறதா, கல் துளைத்த குறி இருக்கிறதா என்று நோக்குக. பற்சில்லுகளின் மேற்பூச்சும் தேய்ந்திருக்கலாம். எஃப் 800 வண்டிகளின் பெல்ட்டை 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆண்டுக்கு 8000 கிலோமீற்றர் ஓடுவோருக்கு அது ஐந்து ஆண்டுக்கு வரும். 38,000 கிலோமீற்றர் ஓடிய வண்டியை விற்பவர், பெல்ட் இன்னும் புதிது போல் இருக்கிறது என்று கூறினால், புதிய பெல்ட்டின் விலையை வண்டியின் விலையிலிருந்து கழித்துக் கேட்பது தகும்.

எஃப் 800 வண்டியின் பெற்றோல் தாங்கி ஆசனத்துக்குக் கீழே உள்ளது. இதனால் பாரம் தாழ்ந்து நிற்கும்; இருவருடன் மெதுவாகத் திருப்பும்போது அது உதவும். ஜி.ரி. வண்டியின் தாங்கி 15 லீற்றர் கொள்ளும். 100 கிலோமீற்றருக்கு 5 லீற்றர் என்று கொண்டால் ஒருமுறை நிறைத்து 300 கிலோமீற்றர் செல்லலாம். இது குறைவு என்று சில ஓட்டுநர் கூறுவர். பின் ஆசனத்திலிருப்பவரைக் கேட்டால் 150 கிலோமீற்றருக்கு ஒருமுறை இறங்கிக் கால் நீட்டினாலே நலம் என்பார். யாருடைய அளவுகோலைக் கொண்டு வண்டியை அளக்கிறோம் என்பதிலேயே விடை தங்கியிருக்கிறது.

பெல்ட் பின்னிருப்பவருக்கு மென்மையும் தூய்மையும் ஓய்வும் தருவது உண்மை. ஆயினும் பெல்ட் ஒன்று மட்டும் ஒரு வண்டியை இருவருக்கு உகந்ததாக்கிவிடாது. சுமை எல்லை போதாத வண்டியிலே பெல்ட் இருந்து பயனில்லை; கால்மிதி பொருந்தாத வண்டியிலும் அவ்வாறே. முதலில் பாதை, அடுத்து எடைக் கணக்கு, அதன்பின் பின் ஆசனத்தில் ஒரு மணி நேரம், அதற்கும் பின்னரே எஞ்சினும் நிறமும் விலையும் என்ற வரிசையைக் கைக்கொள்வோர் பிழைபட வாய்ப்புக் குறைவு.

இவ்வரிசைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பின்னிருப்பவர் தம் கருத்தை வெளிப்படையாகக் கூற வேண்டும். முன்னிருப்பவர் அதனைக் குறையாகக் கொள்ளாது கேட்க வேண்டும். முன்னவரின் உற்சாகத்தைக் கெடுக்கலாகாது என்றெண்ணி முழங்கால் நோவையும் அச்சத்தையும் மறைத்து வைப்பவர் பலர். அவ்வாறு மறைத்தவர் இரண்டாவது பயணத்துக்கு ஏதாவது காரணம் சொல்லி நின்றுவிடுகிறார். வண்டியோ ஓர் ஆசனம் வெறுமையாக ஓடுகிறது. விலை பேசுமுன் இருவரும் இடம் மாறி அமர்ந்து பார்ப்பார்களாயின், ஓட்டுபவர் சில நிமிடமாவது பின் ஆசனத்தின் நிலையை உணர்ந்துகொள்வார். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. விற்பனை நிலையத்தார் சிறிது வியப்புடன் பார்ப்பர், அவ்வளவே.